அறுபத்தொன்றாவது சோதனை

ஆம்பூர்
8 ஜூலை 2025, செவ்வாய்

என்னோடு பேசாத நித்திக்கு,

பேச வேண்டாம், எழுதினால் போதும். நீ உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரிலேயே ராசி இருக்கிறது. ராசிபுரத்தில் இருந்துகொண்டு ராசிக்கு வரமாட்டேன் என்றால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

(விடுதிக் கண்காணிப்பாளர் கங்கம்மாள் மேடத்துக்கு வணக்கம். எல்லாக் கடிதத்தையும் நீங்கள் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் பெயர் கௌசர், வயது பதினேழு, பெண், பி.சி.ஏ. முதல் வருடம். இதில் காதல் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. அது இன்னும் ஆபத்து, ஆனால் உங்கள் சட்டத்தில் தடை இல்லை.)

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். ஆமாம், நானேதான், என் சொந்தக் காலில். பார்த்திபன் அங்கிள் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்ததும் பாதி மூடினார். மீதிப் பாதியில் தலையை நுழைத்து "சாரி அங்கிள்" என்றேன்.

"இன்னாத்துக்கு சாரி?"

"கண்காட்சில பிரியாணி இலைய வெச்சதுக்கு."

"சாப்பாட்டு மேல செருப்ப வெச்சியே, அதச் சொல்லு. எங்க மேனேஜர் வேற அங்க நின்னுட்டு இருந்தாரு."

மேடத்துக்காக ஒரு விளக்கம்: தோலின் போட்டோவைக் கொடுத்தால், ஷூவுக்கு வேண்டிய துண்டுகளை வீணாக்காமல் எப்படி அடுக்கி வெட்டலாம் என்று படம் போட்டுக் காட்டும் ஒரு நிரலை நித்தியும் நானும் எழுதினோம். பெயர் தோல்விரி. மூளை அவளுடையது, வாய் என்னுடையது. பள்ளிக் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டும்போது மாட்டுத்தோல் படத்துக்குப் பதிலாக வாழையிலை பிரியாணிப் படத்தை மாற்றி வைத்தேன். அது பாவம், உண்மையாக உழைத்தது. கத்திரிக்காய் மேல் ஒரு குதிகால், தயிர் வெங்காயத்தின் மேல் ஒரு ஷூ நாக்கு என்று அழகாக அடுக்கியது. எல்லாரும் சிரித்தார்கள், ஷூ ஃபேக்டரியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கும் நித்தியின் அப்பாவைத் தவிர. கம்ப்யூட்டர் என்பது விளையாட்டு என்று முடிவு கட்டி, அவளை உங்களிடம் நீட் படிக்க அனுப்பிவிட்டார்.

நித்தி, இப்போது கேள். அங்கிள் என்ன சொன்னார் தெரியுமா?

"உன் சாரிய வெச்சு நான் இன்னா பண்றது? வேலையக் காட்டு. ஆகஸ்ட் ஒம்போது சனிக்கிழமை, மதியத்துக்கு மேல எங்க செக்‌ஷன் சும்மாதான் கெடக்கும். நிஜத் தோல் குடுக்குறேன். உங்க மெஷின் ஒழுங்கா அடுக்குச்சுன்னா அடுத்த சனிக்கிழமையே நித்யாவ கூட்டிட்டு வந்துர்றேன், என்ஜினியரிங் துணைக் கலந்தாய்வுக்கு அவ பேரக் குடுக்கட்டும். தோல் வீணாச்சுன்னா ஒரு வருஷம் அங்கயே படிக்கட்டும். நீயும் இந்தத் தெருப் பக்கம் வராத."

கைகுலுக்கிவிட்டு வந்தேன். அவர் கை கொடுக்கவில்லை, நானே எடுத்துக் குலுக்கினேன்.

ஒரே ஒரு சிக்கல். சோதனைகளை ஓட்டிப் பார்த்தேன் (மேடம், விடை தெரிந்த தோலைக் கொடுத்து நிரல் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது; சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு). அறுபத்தொன்றில் அறுபது பச்சை, ஒன்று சிவப்பு. 'இறக்குமதித் தோல்' என்று நீ எழுதியது. அந்தத் தோலில் ஒன்பது ஜோடி ஷூவுக்கான துண்டுகள் வரவேண்டும். நிரல் சொல்கிறது, எண்பத்தாறு. அது மாடு இல்லை, டைனோசர்.

நானும் சும்மா இல்லை. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் 'இங்கே வந்தேன்', 'இங்கேயும் வந்தேன்' என்று அச்சடிக்க வரி சேர்த்து மறுபடி மறுபடி ஓட்டினேன். முழுதும் பில்டு ஆக, அதாவது எழுதியதை ஓடும் நிரலாகக் கட்ட, முப்பத்தைந்து நிமிடம், எல்லாச் சோதனையும் ஓட இருபத்திரண்டு நிமிடம். ஒரு தப்பான யூகத்துக்கு ஒரு மணி நேரம். லேப்டாப் கொதிக்கிற கொதியில் அதை வைத்து இஸ்திரி போடலாமா என்று என் அம்மா, அதாவது அம்மி, கேட்கிறாள்.

நீட் படிப்பவளே, உதவிக் கரம் நீட்டு.

கௌசர்


ராசிபுரம்
13 ஜூலை 2025, ஞாயிறு

கௌசர்,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய்.

உன் கடிதம் வெள்ளியன்றே வந்துவிட்டது. ஞாயிறு மட்டும்தான் பதில் எழுத விடுவார்கள். போன் ஐந்து நிமிடம், அதுவும் பெற்றோருக்கு மட்டும். உன் கடிதத்தில் எண்பத்தாறு என்ற இடத்தில் மேடம் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, 'அறை எண்ணா?' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். இல்லை என்று விளக்கப் பத்து நிமிடம் ஆனது.

கண்காட்சி முடிந்து வீடு திரும்பும்போது அப்பா என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் இந்த இடத்தின் விண்ணப்பத்தோடு வந்தார். நீ சிரித்தது அரை நிமிடம். எனக்கு ஒரு வருடம். அதை நீ ஒரு பத்தியில் நகைச்சுவையாக எழுதி மேடத்துக்கு விளக்கியிருக்கிறாய்.

வேலைக்கு வருகிறேன், ஆகஸ்ட் ஒன்பது எனக்கு வேண்டும் என்பதால்.

முழுதும் பில்டு செய்வதை நிறுத்து. சோதனை நிரலை மட்டும் பில்டு செய். நீ தொட்ட கோப்பை மட்டும் புதிதாகக் கட்டும், மற்றதைப் பழையபடி எடுத்துக்கொள்ளும். அடுத்து, அறுபதையும் ஓட்டாதே. ஓட்டும்போது ஒரு சோதனையின் பெயரைக் கொடுத்தால் அது மட்டும் ஓடும். 'இறக்குமதித் தோல்' ஒன்றைத் தனியாக ஓட்டு. நான்கு நொடிக்கு மேல் ஆகாது.

பிறகு அதே ஒன்றை டீபக்கருக்குள், அந்தப் பிழை தேடும் கருவிக்குள், ஓட்டு. தோலின் பரப்பளவை வாசிக்கும் வரியில் பிரேக்பாயின்ட் வை. நிரல் அந்த வரிக்கு வந்ததும் நிற்கும். நின்ற இடத்தில் ஒவ்வொரு பெயருக்குள்ளும் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்த்து அப்படியே எனக்கு எழுது. டீபக் பில்டாகக் கட்ட மறக்காதே. வேகத்துக்காகக் கட்டிய பில்டில் கம்பைலர் பாதி மதிப்புகளை விழுங்கியிருக்கும், ஒன்றும் தெரியாது.

யூகிக்காதே. பார்.

கடைசியாக ஒன்று. லேப்டாப்பை உன்னிடம் கொடுத்த அன்று சோதனைகளை எண்ணினேன். அறுபது. அறுபத்தொன்றாவது யார்?

நித்யஸ்ரீ


ஆம்பூர்
17 ஜூலை 2025, வியாழன்

மாண்புமிகு நித்யஸ்ரீக்கு,

எண்ணிவிட்டுப் போயிருக்கிறாய். வீட்டை விட்டுப் போகும்போது ஸ்பூனை எண்ணி வைக்கிற மாமியார் கெட்டாள்.

முதலில் என் சாதனை. ஒரு வரியை மாற்றினேன், ஓட்டினேன், எதுவும் மாறவில்லை. இன்னொரு வரி, அதுவும் மாறவில்லை. நிரலுக்கு என் மேல் மரியாதை இல்லை என்று திட்டிக்கொண்டே நாலாவது தடவை ஓட்டும்போதுதான் உறைத்தது, மாற்றிவிட்டு பில்டு செய்யவே இல்லை. புது மாவைக் கரைத்து வைத்துவிட்டு நேற்றைய தோசையைத் தின்று உப்பு கம்மி என்று சொன்ன கதை. இதை நீ யாரிடமும் சொல்லாதே. மேடம், நீங்களும்.

பிறகு ஒழுங்காக பில்டு செய்து, பெயர் கொடுத்து, தனியாக ஓட்டினேன்.

பச்சை.

நித்தி, பச்சை! ஒன்பது ஜோடி, மூன்று நொடி. நம்பாமல் ஐந்து முறை ஓட்டினேன், ஐந்தும் பச்சை. மற்றவற்றோடு சேர்த்து ஓட்டினால் சிவப்பு, எண்பத்தாறு. தனியாக இருந்தால் நல்ல பிள்ளை, கூட்டத்தில் சேர்ந்தால் ரவுடி. எனக்கு இந்தச் சோதனையை ரொம்பப் பிடித்துவிட்டது.

இனி வாக்குமூலம். அறுபத்தொன்றாவது நான் சேர்த்தது. நீ போன பிறகு வீடே பேஜாராக இருந்தது. கண்காட்சியில் காட்டிய அந்தப் பிரியாணி இலைப் படத்தையே ஒரு சோதனையாக எழுதி வைத்தேன். இலையின் அளவு நாலு அடி, வரவேண்டிய ஜோடி ஒன்று. ஒரு ஞாபகத்துக்கு, அவ்வளவுதான். வரிசையில் கடைசியாக ஓடுவது 'இறக்குமதித் தோல்', இலை அதற்குச் சரியாக முன்னால் ஓடுகிறது.

அந்த இரண்டு பெயரை மட்டும் கொடுத்து டீபக்கரில் ஓட்டினேன். நீ சொன்ன வரியில் இரண்டு முறை நின்றது. முதல் முறை இலை: எண் 4, அளவு அடி, பெருக்கும் எண் 9.29. இரண்டாம் முறை தோல்: எண் 186, அளவு எதுவும் எழுதவில்லை, பெருக்கும் எண் அப்போதும் 9.29. தோலைத் தனியாக ஓட்டினால் அந்த இடத்தில் 1 இருக்கிறது.

(மேடம், தோலை இரண்டு விதமாக அளப்பார்கள். எங்கள் டேனரிகளில் சதுர அடி. வெளிநாட்டுத் தோலுக்கு சதுர டெசிமீட்டர், சுருக்கமாக டெசி. ஒரு அடிக்கு ஒன்பதே கால் டெசிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. போட்டோ தோலின் வடிவத்தைத்தான் சொல்லும், எவ்வளவு பெரிசு என்பது தோலின் பின்பக்கம் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து நாங்கள் தட்டுவது. நூற்று எண்பத்தாறு டெசித் தோலை நூற்று எண்பத்தாறு அடி என்று எடுத்துக்கொண்டால் டைனோசர்தான் வரும்.)

யூகிக்கவில்லை. பார்த்தேன்.

கௌசர்


ராசிபுரம்
20 ஜூலை 2025, ஞாயிறு

கௌசர்,

என்னை ஊரை விட்டு அனுப்பிய படத்தை எடுத்து, நான் எழுதியவற்றின் நடுவில் செருகி, ஞாபகத்துக்கு என்று பெயர் வைத்திருக்கிறாய்.

அந்த இலையை எடுத்துவிடு. அறுபதும் பச்சையாகும். அதன் பிறகு எதையும் தொடாதே. ஒரு புள்ளியைக்கூட. ஒன்பதாம் தேதி வரை லேப்டாப்பைத் துடைப்பதோடு உன் வேலை முடிந்தது.

செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. விளையாட்டு இல்லாமல் எழுது.

நித்யஸ்ரீ


ஆம்பூர்
24 ஜூலை 2025, வியாழன்

நித்யஸ்ரீக்கு,

எடுத்துவிட்டேன். அறுபதும் பச்சை. லேப்டாப்பைத் துடைத்துவிட்டேன்.

படத்தை அங்கே வைத்தது தப்பு. கண்காட்சியில் வைத்தது அதைவிடத் தப்பு. உன்னைப் பார்த்தும் சொல்வேன், இப்போதைக்கு எழுதியும் வைக்கிறேன்.

விளையாட்டு இல்லாமல் எழுதினால் என் கடிதம் இவ்வளவுதான் வருகிறது.

கௌசர்


ராசிபுரம்
27 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள கௌசர்,

போட்டுவிட்டேன். போதுமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேடம், 'அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இங்கே காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். ஒரு அறையில் பதினாறு பேர். பக்கத்துக் கட்டிலில் காவேரிப்பாக்கத்துத் தேவிகா, அவளுக்கு நிஜமாகவே டாக்டராக ஆசை. படித்தது அவளுக்குள் போவது கண்ணுக்குத் தெரிகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று நான் படிக்கும்போது, அவள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது போல் இருக்கிறது. நேற்று உயிரியல் நோட்டின் பின்பக்கம் முழுக்க, துண்டுகளைச் சுழற்றி அடுக்க வேறொரு வழி வரைந்து வைத்திருந்தேன். வரைந்தது எனக்கே தெரியவில்லை.

அப்பா போனில், "ஒம்போதாந்தேதி பாப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்று சொன்னால் பாதி சரி என்று அர்த்தம். மீதிப் பாதி உன் கையில் இருக்கிறது. அதனால்தான் கெஞ்சுகிறேன், எதையும் தொடாதே.

நித்யஸ்ரீ


ஆம்பூர்
1 ஆகஸ்ட் 2025, வெள்ளி

நித்தி,

இது அவசரக் கடிதம். எட்டாம் தேதிக்குள் ஒரு வரி பதில் வேண்டும். மேடம், தயவுசெய்து ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த இலையை எடுத்ததிலிருந்து மனசுக்குள் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சோதனையை எடுத்தால் இன்னொரு சோதனை ஏன் திருந்த வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரன் காலி செய்தால் என் ஜுரம் போகுமா?

இன்று ஜும்மா முடிந்து அப்பா சாப்பிட வந்தார். அவர் டேனரியில் தோல் தரம் பிரிப்பவர் என்பது மேடத்துக்கு.

"அப்பா, பார்த்திபன் அங்கிள் ஃபேக்டரிக்கு உங்க தோல் போகுதா?"

"போகாம? வாரத்துக்கு ரெண்டு லோடு போகுது."

"அடியா, டெசியா?"

"நம்மளது எப்பவும் அடி. அந்த இத்தாலித் தோல் வருது பாரு, அது டெசி. ரெண்டும் ஒரே மேஜைலதான் கெடக்கும். ஒண்ண வெட்டுவான், அடுத்தத இழுத்துப் போடுவான்."

"மாத்தி வெட்டிட மாட்டாங்களா?"

"வெட்றவனுக்குக் கண்ணு இருக்குது. உங்க மெஷினுக்கு இருக்குதா?"

பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

உனக்குப் புரிந்திருக்கும். ஒன்பதாம் தேதி மேஜையில் முதலில் அடித் தோல் வந்து, அடுத்து டெசித் தோல் வந்தால் என்ன ஆகும்? இலைக்குப் பிறகு இறக்குமதித் தோல் ஓடியதே, அதேதான். அங்கிள் எதிரில் எண்பத்தாறு ஜோடி.

உன் அறுபது சோதனையும் டெசி. ஏன் தெரியுமா? உன் அப்பா கணக்குப் போடுவது டெசியில், உன் வீட்டில் வேறு அளவைப் பேசியதே இல்லை. அதனால் கோப்பில் அளவை எழுத வேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லை. எழுதாவிட்டால் டெசி என்பது உன் நினைப்பு. எழுதாவிட்டால் போன தடவை சொன்னதுதான் என்பது நிரலின் நினைப்பு. அளவை நிரல் முழுவதற்கும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறாய், ஒருமுறை அடி என்று மாறினால் அது திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் எல்லாமே அடிதான், சின்ன வயதில் எனக்குக் கிடைத்தது உட்பட. அதனால் யோசிக்காமல் இலைக்கு அடி என்று போட்டேன். உன் வீட்டுச் சோதனைகள் நடுவில் எங்கள் வீட்டுச் சோதனை ஒன்று நுழைந்ததால்தான் இது வெளியே வந்தது.

தப்பு இலையில் இல்லை நித்தி. நீ எழுதிய அடுக்கும் எஞ்சினில் இருக்கிறது.

வாக்கு மீறி இலையைத் திரும்ப வைத்துவிட்டேன். எஞ்சினை இன்னும் தொடவில்லை. தொடட்டுமா? 'சரி' என்று ஒரு சொல் போதும்.

கௌசர்


ஆம்பூர்
7 ஆகஸ்ட் 2025, வியாழன்

நித்தி,

பதில் வரவில்லை. தபால்காரரை மூன்று நாளாகத் தெருமுனையிலேயே பிடித்தேன். இன்று அவர் வேறு தெரு வழியாகப் போய்விட்டார்.

நீ கோபத்தில் எழுதவில்லையா, கடிதமே கையில் சேரவில்லையா, தெரியவில்லை. இது உன்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். தொட்டுவிட்டேன்.

சுலபமாகச் செய்யவில்லை. உன் ஒரு வருடத்தில் கை வைக்கிறேன் என்று தெரிந்தே செய்தேன். அளவு இனி நிரலின் சொத்து இல்லை, அந்தந்தத் தோல் தன் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். அளவு சொல்லாத தோல் வந்தால் நிரல் எதையும் எடுத்துக்கொள்ளாமல், 'அடியா, டெசியா?' என்று கேட்டுவிட்டு நிற்கும். மாற்றியது ஆறு வரி, இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோப்பை மற்ற எல்லாக் கோப்பும் சேர்த்துக்கொண்டிருப்பதால் முழுதும் பில்டு ஆனது. முப்பத்தைந்து நிமிடம், ஒரு டம்ளர் டீ, பத்து நகம்.

ஓட்டினேன். அறுபது சிவப்பு.

உன் அறுபதும் சிவப்பு, பச்சையாக நின்றது ஒன்றே ஒன்று, பிரியாணி. பிறகு ஒன்றை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். 'அடியா, டெசியா?' என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் சிரிப்பு வந்தது. உன் அறுபது கோப்பிலும் அளவு இல்லையே, அது சொன்னபடி கேட்கிறது! ஒவ்வொரு கோப்பாகத் திறந்து டெசி, டெசி, டெசி என்று அறுபது முறை தட்டினேன். பள்ளியில் எனக்குக் கொடுத்த தண்டனை எழுத்து எல்லாம் இதற்கான பயிற்சி போலிருக்கிறது.

இரண்டு புதுச் சோதனையும் எழுதியிருக்கிறேன். ஒன்றில் அடித் தோலும் டெசித் தோலும் மாறி மாறி வரும். இன்னொன்றில் அளவே இருக்காது, நிரல் கேட்கிறதா என்று பார்க்கும். இப்போது அறுபத்துமூன்று. தனித்தனியாகவும் பச்சை, சேர்த்தும் பச்சை, வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டினாலும் பச்சை.

நாளை மறுநாள் பயம் இல்லாமல் போகிறேன். கொஞ்சம் இருக்கிறது, அதை உன் அப்பாவிடம் காட்டமாட்டேன்.

கௌசர்


ஆம்பூர்
9 ஆகஸ்ட் 2025, சனி

நித்தியே,

முடிவைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே எட்டிப் பார்த்தால் கண் வலிக்கும்.

இரண்டு மணிக்குப் போனேன். அங்கிள் மேஜை பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றார். கூட இன்னும் நான்கு வெட்டுபவர்கள், வேடிக்கை பார்க்க.

"எந்தத் தோல் அங்கிள்?"

"நானே எடுத்துக் குடுப்பேன். முன்கூட்டியே சொன்னா நீ எதையாச்சும் பண்ணி வெப்ப."

அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். பின்பக்கம் அப்பா டேனரியின் முத்திரை, இருபது அடி. போட்டோ எடுத்து, இருபது அடி என்று தட்டினேன். ஒன்பது ஜோடி, துண்டு துண்டாகத் திரையில் விழுந்தது. அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு நாக்குத் துண்டைக் காட்டி, "இது இன்னா, உன் நாக்கு மாதிரியே வெளிய நீட்டிட்டு இருக்குது?" என்றார். தோலின் ஓரத்தில் மெலிசான இடமாம். ஒரு விரற்கடை உள்ளே தள்ளச் சொன்னார். மற்றதெல்லாம் அப்படியே வெட்டினார்கள்.

"இன்னொண்ணு" என்றார்.

உருவினது இத்தாலி. முத்திரை 186. சத்தியமாக அதே எண், நித்தி. இந்த முறை நீங்கள் தட்டுங்கள் என்று நான் சொல்வதற்குள் அவரே கீபோர்டை இழுத்து 186 என்று தட்டினார். அளவு போடவில்லை. உங்கள் வீட்டில்தான் போடமாட்டீர்களே.

நிரல் நின்றது. திரையில்: அடியா, டெசியா?

"இன்னா இது? என்னையே கேள்வி கேக்குது?"

"தெரியலன்னா கேக்கும் அங்கிள். தானா எடுத்துக்காது."

அவர் தோலைப் புரட்டி முத்திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு டெசியை அழுத்தினார். ஒன்பது ஜோடி. எண்பத்தாறு இல்லை. ஒன்பது! அவர் மற்ற நான்கு பேரையும் திரும்பிப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தியாடா, கேக்குது. போன மாசம் புதுசா வந்தவன் கேக்காமயே வெட்டிட்டு, அப்புறம் வந்து நின்னான்."

வெளியே வரும்போது, "இந்தக் கேள்வி கேக்குறது, நித்யா எழுதுனதா?" என்றார். எஞ்சின் முழுக்க அவள் எழுதினது, கேள்வி மட்டும் நான் என்றேன். "அதான பாத்தேன், வாய் உன்னுது மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு போனை எடுத்து, பதினாறாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கினார். அவருக்கு அந்த ஆப்பில் எதை அழுத்துவது என்று தெரியவில்லை. நான்தான் போட்டுக் கொடுத்தேன். போக ஒன்று, வர இரண்டு.

இத்தோடு சோதனை முடிவுத் தாளை வைத்திருக்கிறேன். அறுபத்துநாலில் அறுபத்துமூன்று பச்சை. ஒன்று சிவப்பு. பதறாதே, அறுபத்துநாலாவது இன்று வீட்டுக்கு வந்து எழுதியது. இப்படி இருக்கிறது:

'நித்தி எங்கே. வரவேண்டியது: ஆம்பூர். வந்தது: ராசிபுரம். தோல்வி.'

என்ன செய்தும் பச்சையாக்க முடியவில்லை. உதவி தேவை.

கௌசர்


ராசிபுரம்
12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

அன்புள்ள கௌசர்,

செவ்வாய்க்கிழமை எழுத மேடமே அனுமதி கொடுத்தார். காரணம் குற்ற உணர்வு. உன் ஒன்றாம் தேதிக் கடிதத்தைப் ஒரு வாரமாக மேஜை டிராயருக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறார். பிரியாணி இலை என்பது யாரோ பையனின் பட்டப்பெயர் என்றும், எட்டாம் தேதிக்குள் 'சரி' சொல் என்று அவன் கேட்கிறான் என்றும் நினைத்துவிட்டாராம். ஞாயிறு அப்பா போனில் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். மற்ற இரண்டும் இன்று சேர்ந்து வந்தன. மூன்றையும் தேதி வரிசையில் படித்தேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கடிதம் நேரத்துக்குக் கிடைத்திருந்தால், தொடாதே என்றுதான் பதில் போட்டிருப்பேன். அறுபதும் பச்சையாக இருந்தது. எனக்கு அந்தப் பச்சை போதுமாக இருந்தது. உன்னிடம் யூகிக்காதே, பார் என்று எழுதிவிட்டு, டீபக்கர் காட்டிய 9.29ஐ நானே பார்க்கவில்லை. உன் மேல் இருந்த கோபத்தைப் பார்த்தேன்.

தப்பு என்னுடையது. எஞ்சினில். எழுதியாகிவிட்டது.

அதற்காகக் கண்காட்சிக் கணக்கு தீர்ந்தது என்று துள்ளாதே. நேரில் சொல்வேன் என்று ஒரு வாக்கு கொடுத்திருக்கிறாய். அதை என் அப்பா முன்னால் சொல்ல வேண்டும், சிரிக்காமல். முடியுமா பார்.

நீ மாற்றியதை நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஆறு வரியில் நான்கு நன்றாக இருக்கிறது. மீதி இரண்டை வந்து பார்க்கிறேன். பிரியாணிச் சோதனையை எடுக்காதே, பெயரையும் மாற்றாதே. படத்தை மட்டும் மாற்றுவோம், சாப்பிட்டு முடித்த இலையாக. அதற்கு யாராவது சாப்பிட்டாக வேண்டும். சனிக்கிழமை மதியம் எனக்குப் பசிக்கும்.

தேவிகா என் கட்டிலை இப்போதே தன் புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

அறுபத்துநாலாவது சோதனையைப் பார்த்தேன். நிரலில் பிழை இல்லை, நிலவரம்தான் பழையது. சனிக்கிழமை ஒன்றேகாலுக்கு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறேன். அப்போது ஓட்டு. லேப்டாப்பை ஸ்டேஷனுக்கே எடுத்து வா.

இத்தனை நாளாகத் தனியாக ஓட்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன். இதை மட்டும் தனியாக ஓட்டாதே.

நித்தி